ஸ்டீம் வால்வுக்கு கழட்டி மாட்டற கவரா, தகர லேகிங்கா: எது எங்க கட்டுப்படியாகும்

திருப்பூர், பெருந்துறை பக்கம் எந்த டையிங் யூனிட் பாய்லர் ரூமுக்குள்ள போனாலும் ஒரே காட்சிதாங்க. நேர் பைப் பூரா ராக்வூல் (கல்ல உருக்கி நூத்த கம்பளி) சுத்தி அலுமினிய தகடு அடிச்சு, அதான் லேகிங்குங்கறது, பளபளன்னு இருக்கும், ஆனா வால்வு, பிளாஞ்ச் (பைப்ப போல்ட் போட்டு சேக்கற வளையம்), ஸ்ட்ரைனர் (வடிகட்டி), பிஆர்எஸ் (ஸ்டீம் அழுத்தத்த குறைக்கற செட்டு)னு ஸ்பேனர் படற எடம் அத்தனையும் மொட்டையா நிக்கும். ஏன்னு கேட்டா "இன்ஸ்பெக்‌ஷனுக்கு கழட்டுனது சார், திருப்பி போடல"ன்னு பதில் வரும். எந்த வருஷத்து இன்ஸ்பெக்‌ஷன்னு மட்டும் கேக்கக்கூடாது.

இப்ப கொஞ்ச நாளா இந்த கழட்டி மாட்டற துணி கவர், அதான் இன்சுலேஷன் ஜாக்கெட்டுன்னு சொல்றாங்களே, அதுக்கு கொட்டேஷன் எல்லா மில்லுக்கும் வந்துட்டே இருக்கு. கொட்டேஷன பாத்த முதலாளி "இந்த காசுக்கு பைப் லைன் பூராவே லேகிங் அடிச்சிரலாமே"ன்னு ஓரமா வெச்சிடறாரு. அவரு சொல்றதும் தப்பில்ல, சதுர மீட்டர் கணக்குல பாத்தா ராக்வூல் தகடு லேகிங்க விட துணி கவர் பல மடங்கு விலைதான். ஆனா சதுர மீட்டர் கணக்கு இங்க பாக்கவே கூடாது, அந்த எடத்துல வருஷத்துக்கு எத்தனை தடவை ஸ்பேனர் போகுதுங்கறத பாக்கணும்.

மொதல்ல மொட்டையா விட்டா என்ன போகுதுன்னு போட்டு பாத்துருவோம். 7 பார் ஸ்டீம்னா உள்ள 170 டிகிரி, வால்வு பாடி வெளிப்பக்கம் ஒரு 165 இருக்கும்னு வெச்சுக்கலாம், ரூம் 35. எனர்ஜி ஆடிட் பண்றவங்க கையில வெச்சிருக்கற பிஇஇ (மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு) பார்முலா ஒண்ணு இருக்கு, ரெண்டு டெம்பரேச்சருக்கும் உள்ள வித்தியாசத்த 20ஆல வகுத்து அதோட 10 கூட்டி, வர்றத திரும்ப அதே வித்தியாசத்தால பெருக்குனா ஒரு சதுர மீட்டர்ல மணிக்கு எத்தன கிலோ கலோரி போகுதுன்னு வந்துரும், மேல்பரப்பு 200 டிகிரி வரைக்கும் இது போதும். இங்க வித்தியாசம் 130, அப்ப 16.5 பெருக்கல் 130, கிட்டத்தட்ட 2,145. 4 இன்ச் குளோப் வால்வு ஒண்ணு, ரெண்டு பக்க பிளாஞ்சும் சேத்தா மேல்பரப்பு அரை சதுர மீட்டர் பக்கம் வரும், அதாவது மணிக்கு 1,070 கிலோ கலோரி காத்துல போகுது. ஒண்ணேகால் மீட்டருக்கு மேல 4 இன்ச் பைப்ப மொட்டையா விட்டதுக்கு சமம் இது. மொட்டை பைப்ப பாத்தா எல்லாரும் கத்துவாங்க, மொட்டை வால்வ பாத்தா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

நல்ல கவர் மாட்டி மேல்பரப்பு 55 டிகிரிக்கு வந்துச்சுன்னா, கவர் போட்டதால பரப்பு கொஞ்சம் கூடுனாலும், மணிக்கு 150 சொச்சம்தான் போகும். மிச்சம் 900க்கு மேல. வருஷம் 7,200 மணி நேரம் ஓட்டறீங்க, வெறகு கிலோவுக்கு 3,200 கிலோ கலோரி, பாய்லர் எபிசியன்சி 65 சதவீதம்னு வெச்சா ஒரு வால்வுல மட்டும் மூணு டன் வெறகு மிச்சம். சீமைக்கருவேலம் டன்னு 5,000னு வெச்சா 15,000 ரூபா, உங்க ஊரு ரேட்ட நீங்க போட்டுக்கோங்க. நிலக்கரியோ முந்திரி தோலோ எரிக்கறவங்க கலோரிய மாத்திக்கணும். டையிங் யூனிட்டுல இது ஏன் இன்னும் கடிக்குதுன்னா, 2011ல ஹைகோர்ட் ஆர்டர் வந்து யூனிட்டுங்கள மூடுனதுக்கு அப்புறம் ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவு தண்ணிய ஒரு சொட்டும் வெளிய விடாம இருக்கறது) இல்லாம ஓட்ட முடியாதுன்னு ஆகி, சாயம் போடற ஸ்டீம் போக அந்த கழிவு தண்ணிய ஆவியாக்கற எவாப்பரேட்டருக்கும் ஸ்டீம் குடுக்க வேண்டியிருக்கு, ஸ்டீம் செலவு ரெண்டு பக்கமும் இழுக்குது.

சரி, என்னென்ன வழி இருக்கு.

நிரந்தர லேகிங்குதான் எல்லாருக்கும் பழக்கம். வால்வு மேலயும் ராக்வூல் மேட்ரஸ் சுத்தி, ஜிஐ வலை கட்டி, தகட வெட்டி வளைச்சு ஸ்குரூ அடிச்சிரலாம். வேலை தெரிஞ்ச தகர ஆளு செஞ்சா பாக்கவே அழகா இருக்கும், வெப்பமும் நல்லா நிக்கும், மழை பட்டாலும் தாங்கும், காசும் கம்மி. ஆனா பாய்லர் சர்டிபிகேட் வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், அதுக்கு மெயின் ஸ்டீம் ஸ்டாப் வால்வு, பீட் செக் வால்வு, பிளோ டவுன் வால்வுன்னு மவுண்டிங்ஸ் எல்லாம் கழட்டி வெக்கணும். பிட்டரு வந்து ஸ்குரூவ தேடி தேடி கழட்டிட்டு இருக்க மாட்டாரு, சிசர் வெச்சு தகட கிழிச்சு, கம்பளிய பிச்சு கீழ தள்ளிட்டு வேலைய பாப்பாரு. அவரு மேல கோவப்படறதுல அர்த்தமில்ல, ஷட்டவுன் நேரம் அவருக்கு அவ்ளோதான் குடுத்திருக்கோம். வேலை முடிஞ்சதும் லேகிங் ஆள திரும்ப கூப்பிட தனி பில்லு, ஒரே ஒரு வால்வுக்காக அவரும் வரமாட்டாரு, பத்து எடம் சேரட்டும்பாரு, பத்து எடம் சேர்றதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிரும்.

அதனால நேர் பைப், எல்போ, ஹெட்டர் பாடி, டேங்கு மாதிரி ஒரு தடவ போட்டா பத்து வருஷம் தொடாத எடத்துக்கு தகர லேகிங்க அடிச்சுக்க எதுவும் இல்ல, அங்க துணி கவர் கேக்கறவரு காச வீண் பண்றாரு. ஆர்டர்ல ஐஎஸ் 14164 (இன்சுலேஷன் வேலைக்கான இந்திய தரநிலை) படி வேலைன்னு ஒரு வரி போட்டுருங்க, தகடு ஜாயின்ட்டு தண்ணி வடியற பக்கம் பாத்து ஓவர்லாப் ஆகணும்னும் சொல்லுங்க, மேல பாத்த ஜாயின்ட்டு புனல் மாதிரி தண்ணிய உள்ள வாங்கிரும். ராக்வூல் நனைஞ்சா அதுல காத்து இருந்த எடத்துல தண்ணி உக்காருது, தண்ணி வெப்பத்த காத்த விட இருபது மடங்குக்கு மேல கடத்தும், நீங்க காசு குடுத்து வாங்குன இன்சுலேஷன் அன்னிக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். வெப்பம் போறது ஒரு பக்கம், பைப்பே உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு வெளிய தெரியாம ஓட்டையாகறது இன்னொரு பக்கம். சுமார் 50ல இருந்து 175 டிகிரி வரைக்கும் ஓடற எம்எஸ் (சாதா இரும்பு) பைப்புல இது ரொம்ப வரும், கண்டன்சேட் (ஸ்டீம் ஆறி ஆன தண்ணி) லைன் பூரா அந்த ரேஞ்சுலதான் ஓடுது.

இன்னொரு விஷயம், பிளாஞ்சு வரைக்கும் லேகிங்க இழுத்துட்டு வந்து ஒட்ட நிறுத்தாதீங்க. போல்ட்ட பின்னால உருவ எடம் வேணும், போல்ட் நீளத்தோட ஒரு இன்ச் சேத்து விட்டு நிறுத்தணும். அந்த இடைவெளிதான் பின்னால கவர் வந்து உக்கார்ற எடம், கவர் ரெண்டு பக்கமும் லேகிங் மேல ஒரு 50 எம்எம் ஏறி உக்காந்தாத்தான் நடுவுல வெப்பம் தப்பாது.

துணி கவருன்னா உள்ள ஒரு கம்பளி, அதுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி நார் துணி, மெத்தை மாதிரி தையல், கட்டறதுக்கு பெல்ட்டோ கம்பியோ. கேக்கறதுக்கு இவ்ளோதான், ஆனா நல்ல கவருக்கும் ஒப்பேத்தற கவருக்கும் வித்தியாசம் பூரா உள்ளுக்குள்ள இருக்கு. ஸ்டீமுக்கு வெளித்துணி சிலிக்கான் கோட்டிங் போட்டதா இருக்கணும், எண்ணெய், கெமிக்கல் தெறிக்கற எடமுன்னா டெப்லான் கோட்டிங். கோட்டிங் எந்த பக்கம் இருக்குன்னு பாருங்க. டெப்லான் 260 டிகிரிக்கு மேல தாங்காது, சிலிக்கான் அதுக்கும் முன்னாலயே தளர ஆரம்பிக்கும், சூடான எடத்துக்கு நேரா படற உள்பக்கத்துல கோட்டிங் துணிய வெச்சு தெச்சு அத என்ஜின் எக்ஸாஸ்ட்டுல மாட்டுனா மொத நாளே புகையும். அங்க உள்பக்கம் வெறும் கண்ணாடி துணியோ, அதுக்கு மேல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி வலை பின்னலோ இருக்கணும். சாதா பாலியஸ்டர் நூல்ல தெச்ச கவர் ஸ்டீம் வால்வுலயே ஆறு மாசத்துல தையல் விட்டுரும், நூலு என்னன்னு கேளுங்க, கண்ணாடி நூலோ எஸ்எஸ் கம்பி கலந்த நூலோதான் சரி.

கட்டற விதத்துலயும் ஏமாறுவாங்க. வெல்க்ரோ பாக்க சுகமா இருக்கும், சடக்குன்னு பிரிச்சு சடக்குன்னு ஒட்டலாம், ஆனா பஞ்சு பறக்கற மில்லுல அந்த கொக்கிக்குள்ள பூரா பஞ்சு போயி அடைச்சிட்டு கொஞ்ச நாள்ல ஒட்டவே ஒட்டாது, சூட்டுக்கும் நைலான் பிடிக்காது. பெல்ட்டு, டி ரிங்கு நல்லது. ரொம்ப சூடான எடத்துக்கு எஸ்எஸ் கொக்கில எஸ்எஸ் கம்பிய ஷூ லேஸ் மாதிரி கட்டறாங்க, கழட்ட நேரம் ஆகும், ஆனா வருஷக்கணக்குல நிக்கும். பிரிப்பு கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி மாட்டணும், அடியில தண்ணி வடிய ஒரு ஐலெட் ஓட்டை கேட்டு வாங்கணும். கிளாண்டு (வால்வு தண்டு வெளிய வர்ற எடத்து அடைப்பு) லீக் ஆனா அந்த ஓட்டைலதான் சொட்டும், லீக் இருக்குன்னு அப்பவே தெரியும், இல்லன்னா கவர் பூரா ஊறி தொங்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

அப்புறம் அளவு. ஒரே 4 இன்ச் வால்வுதான், ஆனா ஒரு கம்பெனி வால்வுக்கும் இன்னொரு கம்பெனி வால்வுக்கும் போனட் (வால்வோட மேல்மூடி) ஒசரம், பாடி நீளம் மாறும். கேட்லாக் பாத்து தெச்சு அனுப்பறேங்கறவருகிட்ட கேட், குளோப், பால் எதுன்னாவது சொல்லுங்க, முடிஞ்சா ஆளு வந்து நேர்ல டெம்ப்ளேட் எடுத்துட்டு போகட்டும். பொருந்தாத கவர ஹெல்பரு ரெண்டு தடவ இழுத்து பாத்துட்டு மூணாவது தடவ மூலைல போட்டுருவாரு. ஒவ்வொரு கவர்லயும் வால்வு நம்பர எஸ்எஸ் தகட்டுல அடிச்சு தெச்சு தரச் சொல்லுங்க, கழட்டுன முப்பது கவர் குவியலா கெடக்கறப்ப எது எதுக்குன்னு தேடறதுக்குள்ள ஷட்டவுன் முடிஞ்சிரும்.

நடுவுல இன்னொரு வழி இருக்கு, தகரப் பெட்டி. ரெண்டு பாதியா அலுமினிய பெட்டி செஞ்சு உள்ள ராக்வூல் ஒட்டி டாகிள் கிளிப் போட்டு மாட்டறது. லோக்கல் தகர ஆளே செஞ்சிருவாரு, துணி கவர விட மலிவு, வெளிய மழைல நிக்கற வால்வுக்கு இத விட நல்லது எனக்கு தெரிஞ்சு இல்ல. குறை என்னன்னா 6 இன்ச் 8 இன்ச் வால்வுக்கு பெட்டி கனம், மேடை மேல ஏறி ரெண்டு பேரு சேந்து தூக்கணும், ஒரு தடவ கீழ விழுந்து நசுங்குனா அப்புறம் கிளிப் சேராது. பக்கத்து பக்கத்துல வால்வு இருக்கற பிஆர்எஸ் மாதிரி எடத்துல பெட்டிக்கு எடமே இருக்காது, அங்க துணிதான். கடலோரத்துல, தூத்துக்குடி எண்ணூர் பக்கம்னா, உப்புக்காத்துக்கு சாதா கிளிப் துருப்பிடிச்சு இறுகிக்கும், எஸ்எஸ் கிளிப் போடுங்க.

கயிறு சுத்தறவங்களும் இருக்காங்க, செராமிக் கயிறோ கண்ணாடி டேப்போ வாங்கி வால்வ சுத்தி கட்டிட்டு போயிருவாங்க. அவசரத்துக்கு பாவமில்ல, ஆனா திக்னஸ் கம்மி, வெப்பம் நிக்காது, ரெண்டாவது தடவ சுத்தறப்ப நார் உதிர்ந்து கையெல்லாம் அரிக்கும். பழைய யூனிட்டுல ஏற்கனவே சுத்தியிருக்கற வெள்ளைக் கயிறு ஆஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு உண்டு, அத வெறுங்கையால பிய்க்க சொல்லாதீங்க.

இன்சுலேஷன் பெயிண்ட்டும் விக்கறாங்க, ஒரு கோட் அடிச்சா போதும்னு. கை சுடாம இருக்க, பெருசா சூடில்லாத எடத்துல ஏதோ உபயோகப்படும். 170 டிகிரி ஸ்டீம் வால்வுல ஒண்ணு ரெண்டு எம்எம் பெயிண்ட்டு, 50 எம்எம் கம்பளி செய்யற வேலைய செய்யும்னு யாராவது சொன்னா, டெஸ்ட் ரிப்போர்ட்டுல கடத்தற நம்பர் என்ன, எந்த டெம்பரேச்சர்லன்னு கேளுங்க. பேச்சு அங்கயே நின்னுரும்.

டெமோல கன் வெச்சு காட்டுவாங்க பாருங்க, தொடாமயே சூடு அளக்கற அந்த இன்ப்ராரெட் கன்னு, அத பளபளக்கற அலுமினிய தகட்டு மேல காட்டுனா நெசத்த விட கம்மியாத்தான் காட்டும், தகடு கதிர்வீச்ச வெளிய விடாம பக்கத்துல இருக்கறத பிரதிபலிக்குது. தகர லேகிங்கையும் துணி கவரையும் ஒரே கன்னுல அளந்து "பாருங்க தகடுதான் குளிர்ச்சி"ன்னு சொன்னா நம்பாதீங்க, உண்மைல உள்ள ஒரே கம்பளின்னா தகடுதான் தொட்டா அதிகம் சுடும். தகட்டு மேல ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, டேப் மேல அளங்க. தொடற எடத்துக்கு 60 டிகிரிக்கு கீழங்கறதுதான் பொதுவா வெக்கற கணக்கு.

எல்லாத்தையும் மூடிரணும்னும் இல்ல. ஸ்டீம விடாம தண்ணிய மட்டும் வெளியேத்தற ட்ராப்புங்கள்ல தெர்மோடைனமிக் ஸ்டீம் ட்ராப்ப மூடக்கூடாது, மேல இருக்கற கேப் குளிர்ந்தாத்தான் அது தொறக்கும், கவர் போட்டா தண்ணி தேங்கி மெஷின் சூடேறாது, அப்புறம் ட்ராப் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்குவோம். தெர்மோஸ்டேட்டிக் ட்ராப்புக்கு முன்னால விட்டிருக்கற மொட்டை பைப்பும் வேணும்னேதான் விட்டது. சேப்டி வால்வோட ஸ்பிரிங் பக்கம் திறந்தே இருக்கணும்.

தெர்மிக் ப்ளூயிடு (ஸ்டீமுக்கு பதிலா சூடான எண்ணெய்) லைன் இருந்தா இன்னும் உஷார். ஸ்டென்டருக்கு (துணிய விரிச்சு காய வெக்கற மெஷின்) 250 டிகிரிக்கு மேல எண்ணெய் ஓடும், பிளாஞ்சுல சன்னமா கசிஞ்சு ராக்வூல்ல ஊறுச்சுன்னா, அந்த எண்ணெய் கம்பளிக்குள்ள பரவி மெதுவா காத்தோட சேந்து சூடேறி, வழக்கமா தீ புடிக்கற டெம்பரேச்சருக்கு ரொம்ப கீழயே கனல ஆரம்பிச்சிரும். யாராவது கவர பிரிச்சா காத்து பட்டதும் குப்புன்னு புடிக்கும். அதனால தெர்மிக் ப்ளூயிடு வால்வு கிளாண்டு, பிளாஞ்சு எல்லாம் மொட்டையா விட்டு கை படாம வலைத்தடுப்பு வெக்கறதுதான் என் ஓட்டு. வெறகு மிச்சம் புடிக்க போயி ஸ்டென்டர் ஷெட்ட எரிச்சுக்க வேண்டாம். மூடியே ஆகணும்னா எண்ணெய் ஊறாத செல்லுலர் கிளாஸ் மாதிரி பொருள்தான், அதுலயும் அடியில வடிகால் வேணும்.

இப்ப ஜெனரேட்டர். இங்க கேள்வியே வேற, வெறகு மிச்சமெல்லாம் இல்ல, ரூம் சூடும் தீயும்தான். லோடுல ஓடற டீசல் என்ஜின் எக்ஸாஸ்ட்டு 400, 500 டிகிரி சாதாரணமா போகும், டர்போ பக்கத்துலயே டீசல் பைப்பு போகும், அதுல ஒரு ஊசி ஓட்டை விழுந்து பீச்சுனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. கப்பல்ல இத சட்டமாவே வெச்சிருக்காங்க, எண்ணெய் கசிஞ்சா படக்கூடிய எடத்துல 220 டிகிரிக்கு மேல போற மேல்பரப்பு எல்லாத்தையும் இன்சுலேட் பண்ணியே ஆகணும்னு சோலாஸ்ங்கற உலக கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தம் சொல்லுது. கரைல இருக்கற டிஜி (டீசல் ஜெனரேட்டர்) ரூமுக்கும் அந்த 220ஐ அளவா வெச்சுக்கறதுல தப்பில்ல.

கூரைக்கு போற நீள எக்ஸாஸ்ட் பைப்புக்கு ராக்வூல், தகடு. டர்போ, பெல்லோஸ் (நீண்டு சுருங்கற மடிப்பு பைப்), சைலன்சர் பிளாஞ்சுக்கு துணி கவர். இதுல டர்போவுக்கு என்ஜின் கம்பெனி ஒத்துக்கற கவரா பாத்து போடுங்க, மேனிபோல்ட (என்ஜின் புகை வந்து சேர்ற பைப்) மூடறதுக்கு முன்னால மேனுவல பாத்துருங்க, சில என்ஜின்ல வெளிக்காத்துல ஆறட்டும்னே மேனிபோல்ட வடிவமைச்சிருப்பாங்க, இறுக்கி டேப் சுத்துனா சூடு உள்ள தங்கி வெடிப்பு விடும். பைக்குக்காரங்க சுத்தற அந்த டேப்ப டிஜில சுத்தாதீங்க. 2023 ஜூலை 1ல இருந்து வந்த சிபிசிபி 4 பிளஸ் (மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட புகை விதி) டிஜிங்கள்ல எக்ஸாஸ்ட்டுல எஸ்சிஆர் மாதிரி புகைய சுத்தம் பண்ற சாமான் வெச்சு வந்தா, அதுக்கு போற வரைக்கும் கேஸ் சூடாவே இருக்கணும், அந்த கவர் கம்பெனியே குடுத்ததா இருக்கும், சர்வீஸுக்கு கழட்டுனா திரும்ப மாட்டாம விட்டுராதீங்க.

எடம் கம்மியா இருக்கற எடத்துல ஏரோஜெல் கம்பளின்னு ஒண்ணு காட்டுவாங்க, ராக்வூல் திக்னஸ்ல பாதியே போதும், நெசம்தான், ஆனா விலை கண்ண கட்டும், வெள்ளைத் தூசியும் கொட்டும். கைய விட எடமில்லாத டர்போவுக்கு சரி, பாய்லர் வால்வுக்கு தேவையில்ல. செராமிக் கம்பளி 1260 டிகிரி தாங்கும்னு பெருமையா சொல்லி விப்பாங்க, என்ஜினுக்கு அவ்ளோ எதுக்கு, அந்த நார் மூச்சுல போனா கேன்சர் வரலாம்னு ஐரோப்பாவுல வகைப்படுத்தி வெச்சிருக்காங்க. 500 சொச்சம் டிகிரிக்கு கண்ணாடி நார் நீடில் மேட்டே தாங்கும், அதையே கேளுங்க.

கொட்டேஷன் ஒப்பிடறப்ப ஒண்ணு மட்டும். ஒருத்தரு வால்வுக்கு இவ்ளோன்னு போடுவாரு, இன்னொருத்தரு சதுர மீட்டருக்கு இவ்ளோன்னு போடுவாரு, ரெண்டாமவரு பரப்ப எப்படி அளக்கறாருன்னு எழுதி வாங்கிக்கோங்க, கவரோட வெளிப்பரப்பா, வால்வோட பரப்பா, ஓவர்லாப் சேத்தா சேக்காமயான்னு, அங்கதான் பில்லு வீங்கும். உள்ள இருக்கற கம்பளி எத்தன எம்எம், எத்தன டென்சிட்டின்னும் எழுத சொல்லுங்க, 25 எம்எம் போட்டவரு விலையையும் 50 எம்எம் போட்டவரு விலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டு இருக்காதீங்க. மொத ஆர்டர மெயின் ஸ்டீம் வால்வு, ஹெட்டர் வால்வுங்க, பிஆர்எஸ் செட்டுன்னு பெருசும் சூடும் அதிகமா இருக்கற எடத்துக்கு போடுங்க, முக்கா இன்ச் ட்ரெயின் வால்வுக்கெல்லாம் கவர் தெச்சு காசு திரும்ப வர்றதுக்கு வருஷக்கணக்காகும்.